கதிரை இல்லாத கடையும் உப்பளத்து வாசலும்

ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகிற பஸ் பரந்தனைத் தாண்டி, உமையாள்புரத்தையும் கடந்து ஆனையிறவுக்குக் கிட்ட வந்ததும், தெற்கிலிருந்து சுற்றுலா வந்த சனம் ஒரேயடியாகப் போனைத் தூக்கும். 1991 யூலைச் சண்டையில் சிதைந்த புல்டோசர் ஒன்று அங்கே நினைவுச்சின்னமாக நிற்கிறது. அதைப் படம் எடுக்கத்தான் அந்த அவசரம். எங்கட சனம் அந்த இடத்தில் பெரும்பாலும் நித்திரை, அல்லது நித்திரை மாதிரி. நீரேரி, வெயில், வெள்ளைப் பாத்திகள் எல்லாம் யன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும். உப்பளத்தை யாரும் படம் எடுத்து நான் கண்டதில்லை.

2025 மே மாதத்தில் கொஞ்ச நாளைக்கு அது மாறியது. உப்பளத் தொழிலாளர்கள் வேலையைப் புறக்கணித்துவிட்டு வாசலில் இருந்தார்கள். குடிதண்ணீர், ஒழுங்கான கழிப்பறை, சம்பளம், நிர்வாகம் தங்களோடு நடந்துகொள்கிற விதம் என்று அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்றுகூடப் புதிது இல்லை. இந்த நாட்டில் வெயிலில் வேலை செய்கிற எந்தக் கூட்டத்தைக் கேட்டாலும் இதே வரிசையில்தான் சொல்லும். கமெராக்கள் வந்தன, அரசியல்வாதிகள் வந்தார்கள், முகநூலில் இரண்டு பக்கமும் சண்டை நடந்தது.

நான் அந்தச் செய்திகளை விடாமல் பார்த்ததற்குக் காரணம் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் முன்னம்தான் கிளிநொச்சியில் ஒரு கடை வேலையை விட்டிருந்தேன். சம்பளம் காணாது என்று விடவில்லை. வேறு வேலை கிடைத்தும் விடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உப்பளத்தைச் சொல்லவேண்டும்.

எங்கட பெரியப்பா 1990க்கு முன்னம் அங்கே வேலை செய்தவர். உப்பளம் அதைவிடப் பழசு, வெள்ளைக்காரன் காலத்தில் 1930களில் தொடங்கியது. பெரியப்பா சொல்கிறபடி அந்தக் காலத்தில் உப்பு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்குப் போகும். அங்கே அதை வைத்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள். ஒரு பக்கம் உப்பு விளைய, மறுபக்கம் கூப்பிடு தூரத்தில் அதை வாங்குகிற தொழிற்சாலை. இப்படியொரு ஏற்பாடு வன்னியில் இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்க இரண்டும் நின்றுபோயின. பிறகு அந்த மண் எத்தனை பேரை விழுங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். 2000 ஏப்ரலில் அங்கே இருந்த இராணுவ முகாம் விழுந்தது, 2009 சனவரியில் திரும்பவும் கைமாறியது. உப்புக்கு அதெல்லாம் தெரியாது. வெயில் எறித்தால் அது தன்பாட்டில் விளையும்.

விளைகிற விதத்தைப் பெரியப்பா சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். நீரேரித் தண்ணீரை இறைத்து முதல் பாத்தியில் விடுவார்கள். வெயிலும் காற்றும் குடிக்கக் குடிக்கத் தண்ணீர் தடிக்கும். தடித்த தண்ணீரை அடுத்த பாத்திக்கு, பிறகு அதற்கடுத்த பாத்திக்கு என்று திறந்துவிடுவார்கள். வழியில் ஜிப்சம் படிந்துவிடும். தண்ணீரின் தடிப்பை அளக்கிற போமே மானியைப் போட்டுப் பார்த்தால் 25 பாகைக்குக் கிட்ட வரும்போது உப்பு மணி கட்டத் தொடங்கும். 30 பாகை வரைக்கும் விட்டால் மக்னீசியக் கசப்பு ஏறிவிடும், மிச்சத் தண்ணீரை அதற்கு முதல் வெளியே விட்டுவிடவேண்டும். சோளகம் அடிக்கிற மாதங்கள்தான் நல்ல விளைச்சல். இடையில் ஒரு பெருமழை பெய்தால் அவ்வளவும் திரும்பக் கடலாகிவிடும். இந்த அறிவை எந்த முகாமையாளரும் கதிரையில் இருந்து கற்றுக்கொள்ள முடியாது. பாத்திக்குள் இறங்கி, காலில் உப்புக் கடிக்க, வெள்ளையில் கண் கூச நின்றவருக்குத்தான் அது தெரியும். அங்கே நிழலுக்கு ஒரு மரம் இல்லை. காலில் சின்னக் கீறல் இருந்தாலும் அன்றைக்கு நரகம்.

போருக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உப்பு எடுக்கத் தொடங்கினார்கள். 2025 மார்ச் 29ஆம் திகதி கைத்தொழில் அமைச்சர் சுனில் ஹந்துன்நெத்தி வந்து மேசை உப்புத் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். பக்கற்றில் போட்ட பெயர் ‘ரஜ லுணு’. எங்கட ஆட்கள் கொதித்தார்கள். ஆனையிறவில் விளைந்த உப்புக்குச் சிங்களத்தில் ராச உப்பு என்று பெயரா? அறிக்கைகள், பேச்சுகள், கண்டனங்கள். கடைசியில் ‘ஆனையிறவு உப்பு’ என்று மாற்றுவதாகச் சொன்னார்கள். நல்லது. நானும் மாற்றவேண்டும் என்றுதான் எழுதினேன்.

ஆனால் ஒரு கணக்குப் பார்ப்போம். பக்கற்றின் வெளியில் இருந்த பெயருக்கு நாங்கள் கொதித்ததில் கால்வாசி, அதை நிரப்பின பெண்ணுக்குக் கழிப்பறை இல்லை என்றபோது கொதித்தோமா? பெயர்ச் சண்டைக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஆட்கள் எழுதினார்கள். மே மாதத்தில் தொழிலாளர்கள் வாசலில் இருந்தபோது அதே ஆட்களில் சிலர் வேறு மாதிரி எழுதினார்கள்: “இப்பத்தான் ஒரு தொழிற்சாலை வந்தது, அதையும் மூடப் பண்ணப்போகினம்.” தமிழன் மானம் பக்கற்றில் இருக்கிறதாம், பாத்திக்குள் நிற்கிற ஆளிடம் இல்லையாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த மே மாதம் சாதாரண மாதம் இல்லை. மழையால் தெற்கில் உப்பு விளைச்சல் கெட்டு, நாடு முழுக்க உப்புக்குத் தட்டுப்பாடு. கடைகளில் பக்கற் உப்பு சில நூறு ரூபா விலைக்கு ஏறியது, இந்தியாவிலிருந்து உப்பு இறக்கினார்கள். நாடு உப்புக்கு அலைகிற நேரத்தில் உப்பு வாருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் அதற்கு ஒரு பாரம் இருக்கிறது. அது திட்டமிட்டு நடந்ததா, தற்செயலா என்று ஆராயத் தேவையில்லை. பேரம் பேசுகிற நேரம் எது என்று தொழிலாளிக்கும் தெரிந்திருக்கலாம், அதில் தப்பு ஒன்றும் இல்லை. வியாபாரிக்கு அது தெரிந்தால் கெட்டிக்காரன் என்கிறோம்தானே.

இனி என் கதை.

கடையின் பெயர் சொல்லமாட்டேன். புடவையும் வீட்டுச் சாமான்களும் விற்கிற இரண்டு மாடிக் கடை. நான் கணக்குப் பகுதி. சம்பளத் தாள், கொள்வனவுப் பட்டியல், வங்கி வேலை. எனக்குக் கதிரை இருந்தது, மேசை இருந்தது, தலைக்குமேல் ஒரு ஃபேனும் இருந்தது. கீழே விற்பனையில் நின்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிளாஸ்ரிக் ஸ்டூல் மட்டும். வாங்குகிற ஆட்கள் இல்லாத நேரத்தில் இருந்து எழும்புவார்கள்.

முதலாளி கொழும்பில். அவருடைய போனில் எங்கட கடைக் கமெராக்கள் ஓடும். ஒருநாள் பின்னேரம் முகாமையாளருக்கு அழைப்பு வந்தது: “மேல் மாடியிலை ரெண்டு பேர் இருக்கினம், சம்பளம் இருக்கிறதுக்கோ குடுக்கிறது?” அடுத்த நாள் ஸ்டூல்கள் எல்லாம் களஞ்சிய அறைக்குள் போய்ப் பூட்டுப்பட்டன. சுவரில் ஒரு அறிவித்தல்: வேலை நேரத்தில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் 500 ரூபா கழிக்கப்படும்.

அங்கே ஒரு அக்கா வேலை செய்தா. 2009இல் காலில் ஷெல் பீஸ் பட்டது. ஒன்றை எடுத்தார்கள், இன்னொன்று எலும்புக்குக் கிட்ட இருக்கிறது, எடுத்தால் நரம்பு போய்விடும் என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். வன்னியில் இப்படி உடம்புக்குள் இரும்போடு திரிகிற ஆட்கள் எத்தனை பேர் என்று புதிதாக யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மத்தியானத்துக்குப் பிறகு அவவின் கால் வீங்கும். சேலைக் கட்டுகளுக்குப் பின்னால், கமெராவுக்குத் தெரியாது என்று நினைத்து, ஒரு பெட்டியில் இருப்பா. கமெராவுக்குத் தெரிந்துவிட்டது.

மாதக் கடைசியில் சம்பளத் தாளில் புதிதாக ஒரு நிரல் போடச் சொன்னார்கள். அக்காவின் பெயருக்கு நேரே 1,500 ரூபா. அடுத்த மாதம் அதைவிடக் கூட. அந்த இலக்கங்களைத் தட்டியது நான். என் கதிரையில் இருந்துகொண்டு, ஃபேனுக்குக் கீழே.

முகாமையாளரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிசன், பயந்த மனிசன். “நான் என்ன பிள்ளை செய்யிறது, நீரே ஐயாவோடை கதையும்” என்று போனைத் தந்தார்.

“ஐயா, அந்த அக்காவுக்குக் காலுக்குள்ளை பீஸ் இருக்கு. கனநேரம் நிண்டா வீங்குது. அவவுக்கு மட்டுமெண்டாலும் ஒரு ஸ்டூல் விடுங்கோ.”

“நான் ஆஸ்பத்திரி நடத்தேல்லை பிள்ளை. நிக்க ஏலாதெண்டா வீட்டை இருக்கட்டும், வேலைக்கு ஆள் கியூவிலை நிக்குது. நீர் கணக்கைப் பாரும்.”

கத்தவில்லை, ஏசவில்லை. பிஸ்கட் விலை சொல்கிற தொனியில் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த கிழமை கடிதம் எழுதினேன். உடல் ஏலாமையால் இருக்கும் ஒரு ஊழியரின் சம்பளத்தில் தண்டம் வெட்டும் தாளை என்னால் தயாரிக்க முடியாது, அதனால் விலகுகிறேன் என்று இரண்டே வரி. முகாமையாளர் வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். “தனிப்பட்ட காரணம் எண்டு மாத்தி எழுதித் தாரும் பிள்ளை. உமக்கும் நல்லது, கடைக்கும் நல்லது.” மாற்றவில்லை. ஒரு பிரதியில் அவருடைய கையெழுத்தும் திகதியும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அந்தப் பிரதி ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

வீட்டில் அம்மா இரண்டு நாள் கதைக்கவில்லை. பிறகு கதைத்தா. “உனக்கென்ன விசரே? இது வேலை கிடைக்கிற ஊரே? அவளுக்குக் கால் நோகுதெண்டா நீ ஏன் வேலையை விடுறாய்?” அம்மாவின் கேள்வி சரியான கேள்வி. பெரியப்பா மட்டும் வேறொன்று கேட்டார்: “இ.பி.எப் ஒழுங்காக் கட்டினவங்களோ?”

என்னைச் சரியாக உலுப்பியது அக்கா சொன்னது. சந்தையில் கண்டேன். கோபப்படுவா என்று நினைத்தேன், சிரித்தா. “நீ போட்டாய். இனி ஆர் எங்களுக்காகக் கதைக்கிறது?”

அக்கா இன்னும் அங்கேதான். என்னுடைய இடத்துக்கு ஒரு பிள்ளை வந்துவிட்டா, அந்த நிரலும் சம்பளத் தாளில் இருக்கிறதாம்.

அல்பேர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970இல் ‘வெளியேறுதல், குரல், விசுவாசம்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். நைஜீரிய ரயில் சேவையைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. ரயில் மோசமாகிக்கொண்டே போகிறது, ஆனால் திருந்தவில்லை. ஏன்? சத்தம் போடக்கூடிய வாடிக்கையாளர்கள் எல்லோரும் லொறிக்கு மாறிவிட்டார்கள். மிஞ்சினவர்கள் வேறு வழியில்லாதவர்கள், அவர்களுடைய சத்தம் ரயில்காரருக்குக் கேட்காது. வெளியேறுவது சுகமாக இருக்கிற இடத்தில் குரல் செத்துவிடும் என்பதுதான் அவர் சொன்னதின் சாரம். அக்கா அந்தப் புத்தகத்தை ஒரு வரியில் சந்தையில் வைத்துச் சொல்லிவிட்டா.

நான் விலகியது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த நிரலில் இன்னொரு இலக்கம் தட்ட என் கை வராது. ஆனால் அதை வீரம் என்று சொல்லி முகநூலில் கைதட்டினவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: என்னால் விலக முடிந்தது, ஏனென்றால் அம்மாவின் ஓய்வூதியம் இருக்கிறது, வீட்டுக்கு வாடகை இல்லை, எனக்குக் கடன் இல்லை. முதலாளிக்கு என் கடிதம் ஒரு நிம்மதி. கேள்வி கேட்கிற ஒரு ஆள் தானாகவே கழன்றுவிட்டது.

உப்பளத்து ஆட்கள் செய்தது வேறு. அவர்கள் ஒருத்தரும் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. வேலையை விடாமல் வேலையை நிறுத்தினார்கள். ‘இது எங்கட இடம், நாங்கள் போகமாட்டோம், ஆனால் இப்படி வேலையும் செய்யமாட்டோம்’ என்று வாசலில் இருப்பது தனியே விலகுவதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். தூத்துக்குடியில் 1908இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். சம்பள உயர்வும் ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடைத்தன. அன்றைக்கு அந்த ஆட்கள் ஒவ்வொருவராக ரோசப்பட்டு விலகிப் போயிருந்தால் மில்காரன் புது ஆட்களை எடுத்திருப்பான், கதை முடிந்திருக்கும்.

சரி, வன்னியில் ஏன் ஆட்கள் விலகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருக்கிறார்கள்? கிழமைக் கடன் முதல் காரணம். நுண்கடன் கம்பனிக்காரன் மோட்டார் சைக்கிளில் படலைக்கு வருகிற நாளில் காசு இல்லையென்றால் என்ன நடக்கும் என்று இங்கே எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவா. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. ஒரு பகுதிச் சனம் மூச்சு விட்டது. கடன் கொடுக்கிறவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. ஒரு நாள் சம்பளம் நின்றால் அந்தக் கிழமைக் கட்டுக்காசு நின்றுவிடும். உப்பளத்து வாசலில் இருந்த பெண்களில் எத்தனை பேருடைய வீட்டுப் படலையில் அந்த மோட்டார் சைக்கிள் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. 2018 யூனில் விசுவமடுவில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கேணல் ஒருவர் மாற்றலாகிப் போனபோது, அவருக்குக் கீழே வேலை செய்த எங்கட சனம் அழுது, தோளில் தூக்கி வழியனுப்பியது. முன்னாள் போராளிகளும் இருந்தார்கள். அந்தக் காணொளியைப் பார்த்துப் புலம்பெயர்ந்த ஆட்கள் துரோகம் என்றார்கள், தெற்கு ஊடகங்கள் நல்லிணக்கம் என்றன. எனக்கு இரண்டும் படவில்லை. அந்தத் திணைக்களத்தின் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் வேலை செய்தவர்களுக்கு வெளியில் கிடைக்கிறதைவிடப் பல மடங்கு சம்பளம். சாதாரண முன்பள்ளி ரீச்சரின் கொடுப்பனவு என்னவென்று தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். இராணுவச் சம்பளம் வேண்டாம் என்று கொள்கைக்காக விலகியவர்களும் இருக்கலாம். விலகாதவர்களைக் குறைசொல்ல என்னால் முடியாது. அந்த அழுகையில் எனக்குத் தெரிந்தது இதுதான்: அந்தச் சனத்தை அதற்கு முதல் வேலைக்கு வைத்திருந்த எங்கட முதலாளிமாரில் எவருக்காகவும் ஒருத்தரும் அப்படி அழுததில்லை. அந்த வெட்கம் எங்களுக்கு வரவேண்டியது, அவர்களுக்கு அல்ல.

கதிரைக்கு வருவோம். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் வந்தது. சென்னை ரங்கநாதன் தெருப் புடவைக்கடைப் பிள்ளைகளின் கதை. கிளிநொச்சியில் சீடி போட்டுப் பார்த்து எத்தனை வீட்டில் அழுதார்கள். அழுதவர்களில் சிலர் இன்றைக்குக் கடை வைத்திருக்கிறார்கள். கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் தொடங்கிய போராட்டத்தால் 2018இல் இருக்கை கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்கவேண்டும் என்று ஆக்கினார்கள். நாள் முழுக்க நின்று கால் நரம்பு சுருண்டு போன பெண்கள் கேட்டு வாங்கிய சட்டம் அது. எந்த முதலாளியும் மனம் இரங்கிக் கொடுக்கவில்லை.

இனி, வேலையை விட நினைக்கிற ஆட்களுக்கு. நான் வழக்கறிஞர் இல்லை, சம்பளத் தாள் போட்ட ஆள். ஆனால் இவை இலங்கையில் யாரும் தெரிந்திருக்கவேண்டியவை.

பெரியப்பா கேட்ட கேள்வியில் தொடங்குங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதி (இ.பி.எப்) சட்டப்படி உங்கள் உழைப்பில் 8 வீதத்தை உங்களிடம் கழித்து, முதலாளி தன் பங்காக 12 வீதம் போட்டுக் கட்டவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலதிகமாக 3 வீதம், அது முழுக்க முதலாளியின் காசு. எங்கட பக்கத்தில் 8ஐக் கழித்துவிட்டு ஒரு சதமும் கட்டாத கடைகள் இருக்கின்றன. உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்கி, காசு ஏறுகிறதா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள், விட்ட பிறகு அல்ல.

ஐந்து வருடம் முடித்திருந்தால், பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடமென்றால், 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உங்களுக்குச் சேரவேண்டும். நீங்களாக விலகினாலும் அது உரித்து. ‘நீ தானே விட்டிட்டுப் போனாய், பிறகென்ன காசு’ என்று சொன்னால் அது பொய். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா ஆனது, 2026 சனவரியிலிருந்து 30,000. நாட் சம்பளக்காரருக்கு 1,080ஆக இருந்து 1,200. தண்டம் என்று நினைத்தபடி சம்பளத்தில் வெட்டவும் சட்டம் விடாது. எனக்கு இது முதலே தெரிந்திருந்தால் போனில் வேறு மாதிரிக் கதைத்திருப்பேன்.

கடிதம்தான் எல்லாவற்றிலும் கவனிக்கவேண்டியது. முதலாளிமார் ஏன் ‘நீங்களே எழுதித் தாங்கோ’ என்று கேட்கிறார்கள் தெரியுமா? அவர்கள் நிறுத்தினால் நீங்கள் தொழில் நியாய சபைக்குப் போகலாம், ஆறு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும். நீங்களாக, தனிப்பட்ட காரணத்துக்காக விலகினீர்கள் என்று உங்கள் கையெழுத்தில் இருந்தால் அந்தக் கதவு கிட்டத்தட்டச் சாத்தப்பட்டுவிடும். இருக்க முடியாதபடி நடத்தித் துரத்தினார்கள் என்று வாதாட வழி இருக்கிறது, ஆனால் அதற்கு எழுத்தில் ஏதாவது வேண்டும். ஆகவே காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். திகதி போடுங்கள். பிரதி வைத்திருங்கள். அழுத்தி வாங்கப் பார்த்தால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், கிளிநொச்சியில் தொழில் திணைக்கள அலுவலகம் இருக்கிறது, முதலில் அங்கே போங்கள்.

இன்னும் ஒன்று. விலகுவதற்கு முதல் கூட வேலை செய்கிற ஆட்களோடு கதையுங்கள். நான் கதைக்கவில்லை, நேரே மேலிடத்துக்குப் போனேன். கணக்குப் பகுதிக்காரிக்குக் கீழ் மாடிப் பிள்ளைகளோடு என்ன கூட்டு என்ற நினைப்பு எங்கள் எல்லோருக்கும் உள்ளே இருக்கிறது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஸ்டூல் கேட்டிருந்தால் அந்த மனிசன் பத்துப் பேரையும் நிறுத்தியிருப்பாரா? தீபாவளிக்கு முன்னம்? நான் நினைக்கவில்லை.

கடைசியாக, வேலை செய்கிறவர்களுக்கும் முதலாளிமாருக்கும் அல்ல, புடவைக்கடைக்குப் போகிற எங்கள் எல்லோருக்கும். ஊழியர் சொன்னால் கேட்காத முதலாளி வாங்க வந்தவர் சொன்னால் கேட்பார். அடுத்த முறை சேலை எடுக்கப் போனால், விலையைக் கேட்கிறதுக்கு முதல் ஒருக்கால் கேளுங்கோ: “தங்கச்சி, உங்களுக்கு இருக்க ஒரு கதிரை இல்லையோ?” கல்லாவில் இருக்கிறவருக்குக் கேட்கத்தக்கதாகக் கேளுங்கோ. கமெரா இருந்தால் அதைப் பார்த்தும் ஒருக்கால் கேளுங்கோ.